உருளையைப் பிடித்த கை

பிஸ்கட் ஃபாக்டரி வாசலில் விதுரி வண்டியை நிறுத்தியபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவின் காரவாங் தொழிற்பேட்டைச் சாலை முழுக்க லாரிகள் கிளப்பிய சேறு. நோன்பு மாதம் பாதி தாண்டிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

காவலாளி நாற்காலியில் தலையைச் சாய்த்தபடியே, அம்மா என்கிற மரியாதையில் ‘இபு’ போட்டுக் கேட்டான்.

“மூணாவது லைனா இபு?”

“ஆமா.”

“உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க.”

“சரி பண்ணாங்களா?”

“சரி பண்ணியிருந்தா நீங்க ஏன் வரப்போறீங்க?”

கருவிப் பையையும் லேப்டாப்பையும் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். பெக்காசியில் இருக்கும் வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது. டயர் கம்பெனி, பாட்டில் கம்பெனி, துணி ஆலை என்று ஈத் பெருநாளுக்கு முன்னால் எல்லாருடைய இயந்திரமும் ஒன்றாகப் படுத்துக்கொண்டது. மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டிகளை விற்கும் அவளுடைய கம்பெனியில் வெளி வேலைக்குப் போகிற ஆட்கள் குறைவு. அதில் எங்கே அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் போகிற ஆள் விதுரி ஒருத்திதான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் வெண்ணெய் மணம் முகத்தில் அறைந்தது. சூடான வெண்ணெய், சர்க்கரைப் பாகு, வெனிலா. பட்டினி வயிற்றோடு நாள் முழுக்க அந்த மணத்தில் நிற்பவர்கள் யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதல் இரண்டு லைன்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது மட்டும் இருட்டில் கிடந்தது. அதன் மேல் இருந்த விளக்குகளைக்கூட அணைத்திருந்தார்கள்.

மேலாளர் குனார்சோ சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“பெருநாள் பிஸ்கட் டின்னுக்கு ஆர்டர் எடுத்து வச்சிருக்கேன் இபு. இந்த லைன் ஓடலன்னா எனக்குப் பெருநாளே இல்ல. டிரைவ் மாத்தியாச்சு, மோட்டார் மாத்தியாச்சு, கேபிள்கூட மாத்தியாச்சு. ஓட விட்டா கொஞ்ச நேரத்துல ஓவர்லோடுன்னு அலாரம் அடிச்சு நின்னுடுது.”

“உருளைல மாவு இருக்கும்போதா, காலியா இருக்கும்போதா?”

“ரெண்டுலயும்தான். அதான் எனக்குப் புரியல.”

அவளுக்கும் புரியவில்லை. பிசைந்த மாவை இரண்டு எஃகு உருளைகள் நடுவே விட்டுத் தகடாக இழுக்கிற இயந்திரம் அது. மேல் உருளையை ஒரு சர்வோ மோட்டார் சுழற்றுகிறது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுப்பது டிரைவ். மோட்டார் அளவுக்கு மீறித் திணறினால் டிரைவ் அலாரம் அடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மாவு ஏறி இறுகினால் திணறலாம். காலி உருளை எதற்குத் திணற வேண்டும்?

“இமாஸ் கூட இருப்பாங்க. இந்த லைன் அவங்களோடதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இமாஸுக்கு விதுரியைவிட வயது கூட. முக்காட்டுக்கு மேல் வலைத்தொப்பி, அகன்ற தோள்கள். உருளையின் பக்கத்தில் நிற்காமல் தள்ளி, மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியைக் கூப்பிடுவது போல ‘நெங்’ என்று கூப்பிட்டாள்.

“வா நெங். முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஆம்பளைங்க. ஒருத்தன் மந்திரம் முணுமுணுத்துக்கிட்டே ஓடிட்டான். நீ எப்படி?”

“எனக்கு ஓடத் தெம்பில்லக்கா.”

இமாஸ் சிரித்தாள். ஆனால் எழுந்து கிட்டே வரவில்லை.

விதுரி தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்தாள். லேப்டாப்பை டிரைவோடு இணைத்தாள். கேபிள் முனைகளைச் சோதித்தாள், சரி. மூன்று கம்பிகளிலும் மின்சாரம் ஒரே அளவாக வந்தது, சரி. சில மோட்டார்களில் பிரேக் இருக்கும், அது விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த மோட்டாரில் பிரேக்கே இல்லை. உருளையின் பேரிங் எண்ணெய் மின்ன, கையால் தள்ளினாலே வழுக்கியது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ முறை செய்த வேலை. மனம் வேறெங்கோ இருக்க, கை தானாகச் செய்தது.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிக் கீழே மரப்பலகை மேல் இறுக்கி வைத்தாள். இப்போது மோட்டாருக்கும் உருளைக்கும் ஒட்டு உறவே இல்லை. வெறும் தண்டு. காற்றில் சுற்ற வேண்டியதுதான்.

மெதுவாக ஓடவிட்டாள்.

லேப்டாப் திரையில், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோடு கிட்டத்தட்டத் தரையில் ஊர்ந்தது. வெறும் தண்டு என்றால் அப்படித்தான் இருக்கும். அவள் பெருமூச்சு விட்டாள். பழுது உருளைப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்போது கோடு ஏறத் தொடங்கியது.

சட்டென்று ஏறவில்லை. யாரோ தயங்கித் தயங்கிக் கை வைப்பது போல ஏறியது. தண்டின் வேகம் தளர்ந்தது. மோட்டார் முனகியது. கோடு உச்சிக்குப் போய் அங்கே நடுங்கியது. கொஞ்சம் தொய்ந்தது. மறுபடி இறுகியது. பிறகு அலாரம்.

விதுரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்கிய பல்சக்கரத்தின் கோடு அவளுக்குத் தெரியும். வறண்ட பேரிங்கின் கோடும் தெரியும். அவற்றுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முட்டும். இது அப்படி இல்லை. கனமான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது தன் கை எப்படி நடுங்கும், எப்படி ஒரு கணம் தொய்ந்து மறுபடி இறுகும் என்று அவளுக்குத் தெரியும்.

இது களைத்துப் போன கையின் கோடு.

“அக்கா” என்றாள். தன் குரல் இறங்கியிருப்பதை அவளே கேட்டாள். “இங்க ஏதாச்சும் வாடை வருதா?”

வெண்ணெய் மணத்துக்கு அடியில் வேறொன்று வந்திருந்தது. நாள்பட்ட ஈர மாவின் புளித்த வாடை. அதோடு சேர்ந்து தரையோரமாக ஒரு சில்லிப்பு.

இமாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

விதுரி மின்சாரத்தை முழுக்க நிறுத்தினாள். டிரைவின் விளக்கு அணைந்தது. மின்சாரம் இல்லாத மோட்டாரின் தண்டு கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். சுற்றியது. இன்னொரு முறை திருப்பினாள். அதுவும் சுற்றியது.

மூன்றாம் முறை தண்டு அசையவில்லை.

அழுத்தித் திருப்பினாள்.

எதிர்ப்பக்கமாக அழுத்தம் வந்தது.

அவள் விரல்களுக்குப் பக்கத்திலேயே, அதே தண்டில், வேறு விரல்கள் இருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குளிர்ந்து நொசநொசவென்று, பிசைந்து மறந்துபோன மாவு மாதிரி இருந்தது. அவை அவளைப் பிடிக்கவில்லை. தண்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. விடாமல்.

கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் ஈர மாவு ஒட்டியிருந்தது.

அந்த லைனில் மாவு ஏற்றியே நாட்களாகியிருந்தன.

இமாஸ் மூட்டையிலிருந்து எழுந்திருந்தாள்.

“தொட்டுச்சா?” என்று கிசுகிசுத்தாள்.

“நோன்பு மாசத்துல பேயையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்கன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க” என்றாள் விதுரி. சிரிக்கத்தான் நினைத்தாள். உதடு வறண்டு ஒட்டிக்கொண்டது.

“கட்டுறது சைத்தானை நெங். வேலைக்கு வந்த மனுஷன யாரு கட்டப் போறாங்க?”

அப்புறம்தான் சொன்னாள். டாயாட் என்று ஒருவர். இதே லைனில் அவளோடு வேலை பார்த்தவர். போன பெருநாளுக்கு முன்னால், இதே போல ஆர்டர் நெருக்கடியில், உருளையில் மாவு ஒட்டிக்கொண்டது. உருளை முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உருளை நின்றுவிட வேண்டும். அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் லைன் நின்று நேரம் போகிறதென்று அந்தச் சுவிட்சை வேலை செய்யாமல் பண்ணியிருந்தார்கள். டாயாட் கதவைத் திறந்து சுரண்டக் கை விட்டார். உருளை நிற்கவில்லை.

“வலது கை உள்ள போயிடுச்சு. இடது கையால மேல் உருளையப் பிடிச்சு நிறுத்தப் பாத்தாரு நெங். நான் அந்தக் கோடியில இருந்தேன். ஓடி வரேன், ஓடி வரேன், வழியே முடிய மாட்டேங்குது. அவரு கத்தல. பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நான் வந்து பட்டன அமுக்குற வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.”

முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் விடல.”

காலையிலிருந்து சேர்ந்த அசதியெல்லாம் விதுரியின் முதுகில் வந்து உட்கார்ந்தது. பயந்து ஓடக்கூட உடம்பில் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அது அவளிடம் இல்லை.

குனார்சோ திரும்பி வந்தார். பலகை மேல் கிடந்த மோட்டாரைப் பார்த்தார், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள் போல இருந்தார்.

“இபு, எனக்குக் காரணம் வேண்டாம். லைன் ஓடுனா போதும். அலாரம் அடிக்கிற அளவைக் கூட்டி விட முடியுமில்ல?”

“முடியும் பாக்” என்றாள், ஐயா என்கிற மரியாதையில். “ஆனா மோட்டார் தாங்காது.”

“பெருநாள் வரைக்கும் தாங்குனா போதும். அப்புறம் எரிஞ்சா எரியட்டும்.”

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாய் திறந்தாள். வாதாட வேண்டும், அவர் அவளுடைய மேலதிகாரிக்கு ஃபோன் போடுவார், அவரிடமும் வாதாட வேண்டும், நாளைக்கும் இங்கேயே வர வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். மோட்டாரை மறுபடி மாட்டினாள். அலாரத்துக்கான எல்லைகளை எல்லாம் தூக்கி வைத்தாள்.

“இமாஸ் அக்கா, மாவு விடுங்க.”

இமாஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய் மாவை விட்டாள்.

உருளை சுற்றியது. மாவு தகடாக இறங்கியது. குனார்சோ அங்கேயே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். திரையில் கோடு ஏறியது. முன்பு அலாரம் அடித்த இடத்தைத் தாண்டியது. மேலும் ஏறியது. உருளை நிற்கவில்லை. கோடு நடுங்க ஆரம்பித்தது.

உருளைக்குள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. பேரிங் சத்தம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

குனார்சோவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விதுரி விசைப்பலகை மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிடலாம். ஒரு விரலை அழுத்தினால் போதும்.

அதற்குள் கோடு சட்டென்று தரைக்கு விழுந்தது.

டாயாட் விட்டுவிட்டார்.

பிடி போன உருளை ஒரு குதி குதித்தது. மாவுத் தகடு கிழிந்து மேல் உருளையில் அப்பிக்கொண்டது. இத்தனை வருஷப் பழக்கம் இமாஸுக்கு, யோசித்துச் செய்ததில்லை. ஒரு கையால் கம்பிவலைக் கதவைத் திறந்தாள். மறு கையால் கிழிந்த மாவை இழுக்கப் போனாள்.

கதவு திறந்தது. உருளை நிற்கவில்லை.

“அக்கா!”

இமாஸின் சட்டைக் கை மாவோடு சேர்ந்து உள்ளே சுருண்டது. விதுரி நிறுத்தும் விசையை அழுத்தினாள். லேப்டாப் திரை உறைந்து நின்றது. சிவப்புப் பட்டன் தூணுக்கு அந்தப் பக்கம். எழுந்து ஓடினாள்.

அப்போது உருளை நின்றது.

டிரைவில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அலாரம் இல்லை. மோட்டார் முழு பலத்தோடு அலறிக்கொண்டிருந்தது. சூடேறிய மோட்டார்க் கம்பிச்சுருளின் வார்னிஷ் வாடை கிளம்பியது. தூணைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது விதுரி பார்த்தாள். மேல் உருளையில் ஒட்டிய மாவில் ஐந்து பள்ளங்கள். பார்க்கப் பார்க்க அவை ஆழமாகிக்கொண்டே போயின. விரல் முட்டிகள் வரை தெரிந்தன. இடது கை.

“இழுங்கக்கா! கைய இழுங்க!”

இமாஸ் இழுத்தாள். சட்டை கிழிந்தது. கை வெளியே வந்தது, முழுசாக. விதுரி சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள்.

எல்லாம் அடங்கியது.

மாவிலிருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்து மூடிக்கொண்டன. கடைசியாகக் கட்டைவிரல்.

வெளியே பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. மற்ற இரண்டு லைன்களும் நின்றன. யாரோ தட்டில் பேரீச்சம்பழமும் வெதுவெதுப்பான இனிப்புத் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள். இமாஸின் தம்ளரை விதுரி பிடித்துக்கொடுத்தாள். கை மணிக்கட்டில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து விதுரி எழுந்து பேனலைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. கதவுச் சுவிட்சிலிருந்து வரும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பி இணைத்திருந்தது. கதவு திறந்தாலும் மூடினாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைக்கும்.

“போன வருஷமே எடுத்திருக்கணும்” என்றாள் இமாஸ். குரலில் கோபம்கூட இல்லை.

“எடுத்தோம்” என்றார் குனார்சோ. “விசாரணைக்கு ஆள் வந்தப்போ எடுத்தோம். அப்புறம்...” காலித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “கழட்டுங்க இபு.”

“கழட்டுனா ஒவ்வொரு தடவையும் லைன் நிக்கும் பாக்.”

“நிக்கட்டும்.”

கழற்றினாள். எல்லைகளைப் பழையபடி இறக்கி வைத்தாள். ஓடவிட்டு, கதவைத் திறந்து பார்த்தாள். உருளை அந்தக் கணமே நின்றது. மூடினாள், ஓடியது. திறந்தாள், நின்றது. இமாஸ் தானே வந்து ஒரு முறை திறந்து பார்த்தாள். நின்ற உருளையில் சிராய்ப்பு இல்லாத கையை வைத்து ஏதோ முணுமுணுத்தாள். சண்டை போடுவது போலவும் இருந்தது, நன்றி சொல்வது போலவும் இருந்தது.

மாவு விட்டார்கள். தகடு தகடாக இறங்கியது. அலாரம் அடிக்கவில்லை. அச்சு வெட்டி அடுப்புக்குள் போன முதல் பிஸ்கட்டுகள் மறுமுனையில் பொன்னிறமாக வந்து விழுந்தபோது இமாஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். புளித்த வாடை போயிருந்தது. குனார்சோவின் தோள்கள் அன்று முதல் முறையாகக் கீழே இறங்கின.

“இப்ப எவ்வளவு இழுக்குது மோட்டார்?” என்று விதுரியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

விதுரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு ஏறிய உருளைக்கு என்ன பலம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கோடு அந்த உயரத்தில் இல்லை. காலி உருளைக்கான உயரத்திலும் இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது.

“ஒண்ணும் இழுக்கல பாக்” என்றாள்.

“அப்பாடா. அல்ஹம்துலில்லாஹ்.”

அவர் போய்விட்டார். வேலைநேரம் மாறும் சங்கு ஊதியது. இமாஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, விதுரியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தொழுகை அறைப் பக்கம் நடந்தாள். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வருவதற்காக விதுரி லைனை நிறுத்தினாள். பேனலில் பெரிய சுவிட்சைக் கீழே இறக்கினாள். டிரைவின் விளக்கு அணைந்தது. லேப்டாப்பை மூடினாள். கேபிளை முழங்கையில் சுற்றத் தொடங்கினாள்.

பாதி சுற்றியபோது கை நின்றது.

உருளைகளுக்கு நடுவே மிச்சமிருந்த மாவு, ஒரே சீராக, அவசரமில்லாமல், தகடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பேனலைத் திரும்பிப் பார்த்தாள். சுவிட்ச் கீழேதான் இருந்தது.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது.